ரேடியோகிராம் அங்கே, ரிக்கார்டு இங்கே

சிவகாசி,
10-7-1969

அன்புள்ள காந்தத்துக்கு,

இங்கே அம்மாவின் மூட்டுவலி ஒன்றைத் தவிர எல்லாரும் சுகம். அங்கே மாமாவின் உடம்பு எப்படி இருக்கிறது என்று உடனே எழுதவும்.

அப்பா வீட்டுக்குப் போகிற பெண்கள் சேலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு போவார்கள். நீ ரேடியோகிராமைக் கொண்டு போயிருக்கிறாய். மாமாவின் பருப்பு லாரியில் சாக்கு விரித்து, நாலு ஆளை வைத்துத் தூக்கி ஏற்றினாயாம். தெருவே நின்று வேடிக்கை பார்த்திருக்கிறது. சாயந்தரம் நான் ஆபீஸிலிருந்து வந்தால் ஹாலில் அது நின்ற இடத்தில் நாலு கால் தடம் மட்டும் இருக்கிறது. "என்னம்மா இது?" என்று கேட்டேன். "அவ சீரு, அவ கொண்டு போயிட்டா. என்னையவா கேக்கெ?" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டாள்.

மாமாவுக்கு உடம்பு சரியில்லை, பார்த்துவிட்டு வருகிறேன் என்றுதானே சொன்னாய்? உடம்பு சரியில்லாதவருக்குப் பாட்டுப் போட்டுக் காட்டப் போகிறாயா? போடுவதற்கு ரிக்கார்டு வேண்டாமா? நீ உயிரை விடுகிற அந்த இங்கிலீஷ் ரிக்கார்டு என் ஆபீஸ் பீரோவில் அல்லவா இருக்கிறது?

பட்டாசுப் பெட்டி விஷயமாக நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாய் என்று அம்மா சொன்னாள். அதெல்லாம் ஒரு விஷயமா காந்தம்? சீசன் தலைக்கு மேல் நிற்கிறது. லேபிள் அடிக்கிற புது ஆப்செட் மிஷினுக்கு ஓய்வே இல்லை. இந்த நேரத்தில் வீட்டில் இப்படி ஒரு கூத்து வேண்டாம். வெள்ளிக்கிழமை வேன் அனுப்புகிறேன். ரேடியோகிராமை நன்றாகக் கட்டி ஏற்றிக்கொண்டு நீயும் வந்து சேர்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
சீனிவாசகம்


விருதுநகர்,
14-7-1969

அத்தான் அவர்களுக்குக் காந்தம் வணக்கத்துடன் எழுதுவது.

அப்பாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. காலையிலேயே மிளகாய் வத்தல் கிட்டங்கிக்குப் போய், மூட்டை தூக்குகிறவர்களை ஏசிக்கொண்டிருக்கிறார்கள். நான் பொய் சொல்லித்தான் வந்தேன். நிஜத்தைச் சொல்லியிருந்தால் வாசலைத் தாண்ட விட்டிருக்க மாட்டீர்கள்.

வெள்ளிக்கிழமை வந்த வேன் ஆள் இல்லாமல் திரும்பியதைப் பார்த்திருப்பீர்கள். காரணத்தை எழுதுகிறேன்.

போன வருஷம் மிஷின் மாட்ட வந்த வெள்ளைக்காரர் நம் வீட்டில் சாப்பிட்டார். ஊருக்குப் போகும்போது அந்த ரிக்கார்டை என் கையில்தான் கொடுத்தார். "எங்கள் ஊர்ப் பெண் பாடியது" என்று பெருமையாகச் சொன்னார். ரோவன் ஸ்ட்ரீட் என்று கோஷ்டியின் பெயர். அட்டைப் படத்தில் முன்னால் நின்று பாடுகிறவள் நோரா. பின்னால் நாலு ஆண்கள். சித்திரை மாதம் நீங்கள் "லேபிளுக்கு ஒரு மாதிரி வேணும், அட்டையைக் குடு" என்றீர்கள். ரிக்கார்டோடு அப்படியே எடுத்துக் கொடுத்தேன். திரும்பி வரவில்லை.

அப்புறம் ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் மாதிரிப் பெட்டியை வைத்து, "எப்படி இருக்கு?" என்றீர்கள். பெட்டியில் ஒருத்தி நிற்கிறாள். நிற்கிற தோரணை அந்தப் பாட்டுக்காரியுடையது. அதே சாய்ந்த தலை, அதே தூக்கிய கை. கையில் மைக்குக்குப் பதிலாகக் கம்பி மத்தாப்பு. கவுனுக்குப் பதிலாக மயில் கழுத்துச் சேலை. முகம் மட்டும் என்னுடையது. என் மூக்குத்தி, என் மோவாய் மச்சம்கூட விடவில்லை.

லேபிள் வரைகிற ஊர்க்காவலனைக் கூப்பிட்டுக் கேட்டேன். பாவம், அவர் ஒளிக்கவில்லை. "வெள்ளைக்காரிக்குச் சேலை கட்டுனா முகம் ஒட்டலம்மா. மொதலாளி மேஜையில ஒங்க கல்யாணப் படம் இருந்துச்சு, அதப் பாத்துப் போட்டேன். மொதலாளிதான் அம்சமா இருக்கு, மாத்தாதேன்னு சொல்லிட்டாக" என்றார்.

நீங்கள் பார்த்தீர்கள், அம்சமாக இருக்கிறது என்றீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எவனெவனோ அந்தப் பெட்டியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். தண்ணி போட்டவன் பல்லைக் காட்டிக்கொண்டு கிழிப்பான். மறுநாள் தெருப் பெருக்குகிறவள் என் கண்ணையும் மூக்கையும் சாக்கடையில் தள்ளுவாள். நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது அத்தான். அவமானமாக இருக்கிறது.

அந்த லேபிள் வெளியே போகக் கூடாது. ரிக்கார்டும் அட்டையும் என் கைக்கு வர வேண்டும். அதுவரை நான் இங்கேதான் இருப்பேன்.

அத்தையின் மூட்டுக்குத் தைலம் சமையலறை மேல் தட்டில், பச்சைப் பாட்டிலில் இருக்கிறது.

லட்சுமிகாந்தம்


சிவகாசி,
24-7-1969

காந்தத்துக்கு,

திங்கட்கிழமை மனுஷன் சந்திரனில் கால் வைத்துவிட்டான். ரேடியோவில் கேட்டிருப்பாய். ஊரில் இப்போது எந்தக் கம்பெனி ராக்கெட்டை எடுத்தாலும் லேபிளில் சந்திரன்தான். ஊர்க்காவலன் பத்துக் கம்பெனிக்குச் சந்திரன் வரைந்து கை ஓய்ந்துபோய்க் கிடக்கிறான். உலகம் அங்கே போய்க்கொண்டிருக்கிறது. நீ பெட்டியில் மச்சம் இருக்கிறது, மூக்குத்தி இருக்கிறது என்று எழுதிக்கொண்டிருக்கிறாய்.

சாமி படம் போடாத கம்பெனி உண்டா? முருகனையும் சரஸ்வதியையும் போட்டுத்தானே ஊரே பிழைக்கிறது? சாமிக்கு இல்லாத அவமானம் உனக்கு எங்கிருந்து வந்தது? நான் யாரோ ஒருத்தியையா போட்டேன்? என் பெண்டாட்டியைப் போட்டேன். பெருமையாக நினைத்துத்தான் போட்டேன். அது உனக்கு ஏன் விளங்கவில்லை?

வடக்கேயிருந்து வந்த சேட் மாதிரிப் பெட்டிகளைப் பரப்பி வைத்தபோது, மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு உன் பெட்டியைத்தான் கையில் எடுத்தார். கீழே வைக்கவேயில்லை. இந்த வருஷ ஆர்டர் முழுக்க அந்த லேபிள்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். புரட்டாசி முதல் வாரம் லோடு போக வேண்டும். இப்போது போய், என் வீட்டில் கோபித்துக்கொண்டாள், படத்தை மாற்றுகிறேன் என்று நான் அவருக்கு எழுதவா?

ரிக்கார்டு, அட்டை இரண்டும் பத்திரமாக இருக்கின்றன. இங்கே வந்து கேட்டுக்கொள். ரேடியோகிராம் ஒரு ஊரில், ரிக்கார்டு ஒரு ஊரில் என்று எந்தக் குடும்பத்திலாவது உண்டா?

எனக்குத் தெரிந்து அது நாலு தடியன்கள் தகரத்தைத் தட்ட, ஒருத்தி வயிற்றுவலிக்காரி மாதிரிக் கத்துகிற சத்தம். அதில் அப்படி என்னதான் இருக்கிறது? எழுது பார்ப்போம்.

சீனிவாசகம்


விருதுநகர்,
2-8-1969

அத்தான் அவர்களுக்கு,

எழுது பார்ப்போம் என்றீர்கள். எழுதுகிறேன். ரிக்கார்டு இல்லாமலே எனக்கு அது முழுக்கக் கேட்கிறது.

முதல் நாள் எனக்கும் கத்தலாகத்தான் இருந்தது. நீங்கள் ஆபீஸ் போன பிறகு மத்தியான வேளையில் போட்டுப் போட்டுத்தான் பிடிபட்டது. முதல் பாட்டில் ஒரு கரண்டு கிட்டார், ஆயில் மில் பெல்ட் ஓடுகிற மாதிரி, ஒரே சுதியில் உறுமிக்கொண்டே இருக்கும். டிரம் சேரும். இன்னொரு கிட்டார் சேரும். சரி, இப்போது பாடப் போகிறாள் என்று நினைப்போம். பாட மாட்டாள். நாலு பேரும் அதையே சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டு நிற்பார்கள். அவளுக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போதுதான் வாயைத் திறப்பாள். திறந்ததும் நாலு பேரும் சத்தத்தைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஒருத்தி தொடங்கட்டும் என்று நாலு ஆம்பிளைகள் காத்து நின்றதை நான் நம் ஊர்ப் பக்கம் எங்கேயும் கண்டதில்லை. அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

மூன்றாவது பாட்டில் மேலே போகும்போது அவள் குரல் உடைந்துவிடும். பிசிறடிக்கும். நம் கச்சேரி என்றால் இருமிச் சமாளித்துவிடுவார்கள். இவள் உடைந்த குரலிலேயே மேற்கொண்டு போகிறாள். அழித்துவிட்டு நல்லதாக இன்னொன்று எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அந்த இடத்தில் அவளுக்குக் கோபம் அத்தான். வார்த்தை பாதிதான் புரிகிறது, ஆனால் கோபம் முழுக்கப் புரிகிறது. பெட்டியை மேஜையில் வைத்தீர்களே, அன்றைக்கு நான் வாயைத் திறந்திருந்தால் எனக்கும் அப்படித்தான் உடைந்திருக்கும். அதனால் ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

மறுபக்கம் இரண்டாவது பாட்டு மெதுவானது. ஆர்மோனியம் போல ஒரு பெட்டி மட்டும் கூட வரும். அத்தைக்கு அது பிடிக்கும். உள்ளி உரித்துக்கொண்டே தலையை ஆட்டுவார்கள். "என்னத்தே, பாட்டு நல்லாருக்கா?" என்று கேட்டால், "ஈ உக்காந்துச்சு, ஓட்டுனேன்" என்பார்கள்.

கடைசிப் பாட்டுக்கு வருகிறேன். பெரிய பாட்டு அது. நாலு பேரும் அவளும் முட்டி மோதிக்கொண்டு போய், ஒரே அடியில் எல்லாம் நின்றுவிடும். அதற்குப் பிறகு சத்தமே இராது. முள் ஓடுகிற கரகரப்பு மட்டும் கேட்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் வீட்டில் இருந்தால், அந்த இடம் வந்ததும் "முடிஞ்சுட்டுல்லா, முள்ளு தேயும்" என்று சொல்லித் தூக்கிவிடுவீர்கள். நான் எத்தனையோ தடவை "இருங்க" என்றிருக்கிறேன். ஒரு தடவைகூட இருக்கவில்லை.

அது அங்கே முடியவில்லை. அந்த மௌனத்துக்குப் பிறகு ஒன்று வருகிறது. அட்டையில் அதைப் பற்றி எழுதியிருக்காது. அந்த ஒன்றுக்காகத்தான் நான் முழு ரிக்கார்டையும் கேட்கிறேன்.

அது என்ன என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். எங்கேயாவது ஒரு பெட்டி தேடி, முதலிலிருந்து கடைசி வரை உட்கார்ந்து கேளுங்கள். சரியாக எழுதினால் நீங்கள் வேன் அனுப்ப வேண்டியதில்லை. ரேடியோகிராமை ஏற்றிக்கொண்டு நானே வருவேன். லேபிளைப் பற்றியும் அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்க வேண்டியிருக்காது. நீங்களே நிறுத்திவிடுவீர்கள்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
காந்தம்


சிவகாசி,
11-8-1969

அன்புள்ள காந்தத்துக்கு,

நீ சொன்னபடியே செய்தாகிவிட்டது. சிநேகிதர் ஒருவர் வீட்டில் போட்டு முழுக்கக் கேட்டேன். நீ எழுதியது அத்தனையும் உண்மை. குரல் அபாரம்.

மௌனத்துக்குப் பிறகு என்ன என்றுதானே கேட்டாய்? நாலு பேரும் மறுபடி ஒரு தடவை முழு வேகத்தில் வாசிக்கிறார்கள். அவள் உச்சியில் போய் ஒரு பெரிய கூச்சல் போடுகிறாள். அதோடு முடிகிறது. உண்மையிலேயே மயிர்க்கூச்செறிகிறது.

நீ வார்த்தை தவறாதவள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் உனக்குச் சிரமம் வேண்டாம் என்று ஞாயிற்றுக்கிழமை டிரைவர் கருப்பணனை வேனோடு அனுப்புகிறேன். லேபிள் விஷயத்தை நீ வந்த பிறகு உட்கார்ந்து பேசுவோம். அம்மாவுக்கு உன் கைக் குழம்பு இல்லாமல் சோறு இறங்கவில்லை. எனக்கும்தான்.

உன்,
சீனிவாசகம்


விருதுநகர்,
18-8-1969

அத்தான் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் முதல் நாலு வரியைப் படித்ததும் துணி நனைத்து ரேடியோகிராமைத் துடைக்க ஆரம்பித்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. அப்பாவிடம் லாரி கேட்டுவிட்டேன். பிறகுதான் மீதியைப் படித்தேன். துணியை வாளியில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் கேட்கவில்லை. கேட்காமலே கேட்டதாக எழுதிவிட்டீர்கள். அப்படி ஒரு கூச்சல் அதில் கிடையாது. ஒரு பாட்டு எப்படி முடியும் என்று நீங்களாக நினைத்துக்கொண்டீர்களோ, அதை எழுதியிருக்கிறீர்கள். நான் எப்படி முடிப்பேன் என்றும் அப்படித்தான் நினைத்துக்கொண்டீர்கள் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கருப்பணன் வந்தார். வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது என்று இட்லி வைத்தேன். நல்ல மனுஷர், எதையும் மறைக்கத் தெரியவில்லை. ரிக்கார்டு அட்டையைப் பற்றிக் கேட்டேன். "அந்த அட்டையவா கேக்கீக? அத ஊர்க்காவலன் அண்ணாச்சி கட்டங் கட்டமாக் கோடு போட்டு, நாலா அறுத்துல்லா வச்சிருக்காக? பெருசாக்கி வரையணும்னா அப்படித்தான் செய்வாகளாம். சித்திரையிலயே அறுத்தாச்சே" என்றார்.

ஆடி மாதம் நீங்கள் எனக்கு எழுதினீர்கள், அட்டை பத்திரமாக இருக்கிறது என்று. உங்கள் எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இங்கே இருக்கிறது.

அப்பா என் பக்கம் என்று நினைக்க வேண்டாம். "சாமி படத்தையே போட்டு வெடிக்கான். ஒனக்கென்ன தாயி வந்துச்சு? பேசாமக் கெளம்பு" என்று தினமும் சொல்கிறார்கள். "வேண்டாம்னு சொல்ல சாமிக்கு வாய் இல்லப்பா. எனக்கு இருக்கு" என்றேன். அன்றிலிருந்து என்னோடு பேசாமல், தண்ணீர் வேண்டுமென்றால்கூடச் சுவரைப் பார்த்துக் கேட்கிறார்கள்.

வேன் திரும்பி வருகிறது. கருப்பணன்மேல் கோபப்பட வேண்டாம்.

லட்சுமிகாந்தம்


சிவகாசி,
29-8-1969

லட்சுமிகாந்தத்துக்கு,

இரண்டு தடவை வேனை வெறுமே திருப்பி அனுப்பினாய். கடைவீதியில் போனால், "என்ன அண்ணாச்சி, வீட்டம்மாவப் பெட்டியில போட்டு வடக்க அனுப்பப் போறீகளாமே?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். நான் தலை நிமிர்ந்து நடந்த வீதி இது.

ஆமாம், நான் கேட்கவில்லை. அட்டையை அறுத்ததும் உண்மைதான். சீசன் நேரத்தில் ஒரு காகித அட்டைக்காக நான் உன்னிடம் கைகட்டி நிற்க வேண்டுமா? உனக்கு ஆயிரம் அட்டை அச்சடித்துத் தருகிற மிஷின் என்னிடம் இருக்கிறது.

முடிவாக எழுதுகிறேன். புரட்டாசி முதல் வாரம் லோடு ஏறுகிறது. உன் படம் போட்ட பெட்டிதான் ஏறும். அதற்குள் நீ இங்கே வந்துவிட்டால் இது உன் வீடு. வராவிட்டால் உன் மற்றச் சீர் எல்லாவற்றையும் கட்டி வைக்கிறேன். மாமாவின் பருப்பு லாரியையே அனுப்பு.

சீனிவாசகம்


சிவகாசி,
28-9-1969

காந்தத்துக்கு,

என் போன கடிதத்துக்குப் பதில் இல்லை. அதற்குப் பதில் வராது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பதினெட்டாம் தேதி வியாழக்கிழமை காலை லோடு ஏறியது. சீட்டில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். லாரி ஆமத்தூர்ப் பக்கம் திரும்பும் வரை பார்த்துவிட்டு, சொன்னபடி செய்கிறவன் என்று காட்டுவதற்காக வீட்டுக்கு வந்து உன் சீரைக் கட்ட ஆரம்பித்தேன். வெண்கலப் பானை, குத்துவிளக்கு, உன் தையல் மிஷின். பீரோவிலிருந்த ரிக்கார்டையும் கொண்டுவந்து அதோடு போட்டேன். அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஏலே, அத ஒரு தடவையாச்சும் முழுசாக் கேட்டியாலே நீ?" என்றாள்.

"அதுல என்னம்மா இருக்கு கேக்க?"

"எல்லாம் ஓஞ்ச பொறவு அந்தப் பிள்ள ஒண்ணு சொல்லும். அது சொன்ன ஒடனே இவளும் சிரிப்பா. தெனமும் மத்தியானம் நடக்கும்."

"என்ன சொல்லும்?" என்றேன்.

"எனக்கு இங்கிலீசா தெரியும்? நீதான படிச்சவன், போய்க் கேளு."

அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. ரிக்கார்டைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த வெயிலில் மாரிசாமியின் மைக்செட் கடைக்குப் போனேன். அவன் ஒரு கல்யாண வீட்டுக்குப் போகிற செட்டைக் கடை வாசலில் கட்டிச் சோதித்துக்கொண்டிருந்தான். "உள்ள வச்சு மெதுவாப் போடு" என்றேன். "உள்ள பெட்டி இல்ல அண்ணாச்சி. போட்டா ஆரன் கொழாயிலதான் கேக்கும், பரவால்லையா?" என்றான். போடு என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

காந்தம், நட்ட நடு மத்தியானம், கடைவீதி முழுக்க அந்தக் கிட்டார் உறுமியது. டீக்கடையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். "மிஷின் ஏதும் ரிப்பேரா?" என்று ஒருத்தன் கேட்டான். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. அவள் பாட ஆரம்பிப்பாள் ஆரம்பிப்பாள் என்று பார்க்கிறேன், ஆரம்பிக்கவில்லை. நீ எழுதியது நினைவு வந்தது. சரி, அவள் சௌகரியம் என்று உட்கார்ந்துவிட்டேன். பிறகு அவள் வாயைத் திறந்தாள். வேடிக்கை பார்த்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

மூன்றாவது பாட்டில் குரல் உடைகிற இடம் வந்தது. ஆரன் குழாயில் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பார். நீ ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போன நாள் எனக்கு நினைவு வந்தது. அன்று நான் இன்னொரு கரண்டி ரசம் கேட்டேன்.

கடைசிப் பாட்டு நின்றது. கரகர என்று முள் ஓடுகிறது. மாரிசாமி "முடிஞ்சுட்டு அண்ணாச்சி" என்று கையை நீட்டினான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அவன் மிரண்டு என் முகத்தைப் பார்த்தான். விடவில்லை. அப்புறம் கேட்டது. அந்த நாலு பேரில் ஒருவன், தூரத்திலிருந்து, இன்னொரு தடவை எடுப்போமா என்று இங்கிலீஷில் கேட்கிறான்.

"நோ" என்கிறாள்.

அவ்வளவுதான். கோபம் இல்லை, கத்தல் இல்லை. சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போகிற சத்தம் கேட்கிறது. மறுபடி அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சிவகாசிக் கடைவீதியில் ஒரு பெண் வேண்டாம் என்று சொன்னது அத்தனை பெரிதாகக் கேட்டு நான் இதுவரை அறிந்ததில்லை.

நீ முதல் கடிதத்திலேயே எழுதியது அந்த வார்த்தைதான். நான்தான் பாட்டு முடிந்துவிட்டது என்று முள்ளைத் தூக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

போன லாரியை என்னால் திருப்ப முடியாது. அந்தப் பெட்டிகள் வடக்கே போய்ச் சேர்ந்துவிடும். அதற்கு நான் என்ன எழுதினாலும் சரியாகாது. மீதிப் பெட்டிகள் கிட்டங்கியில் அடுக்கியிருந்தன. அச்சடித்த லேபிளைக் கட்டோடு கொளுத்திவிட்டு, ஒட்டியாகிவிட்ட பெட்டிகளில் உன் படத்தின் மேல் ஊர்க்காவலனின் சந்திரனை ஒட்டச் சொல்லிவிட்டேன். சேட்டுக்குத் தந்தி கொடுத்தேன். கோபமாகப் பதில் அடித்திருக்கிறார். அது என் பாடு.

ரிக்கார்டைக் கருப்பணனிடம் கொடுத்தனுப்புகிறேன். அட்டையின் நாலு துண்டையும் பின்னால் துணி கொடுத்து நானே ஒட்டினேன். அவள் நெற்றியில் போட்ட பென்சில் கட்டம் அழியவில்லை. அழித்தால் படம் போய்விடும் போலிருந்தது, விட்டுவிட்டேன்.

சீர்ச் சாமான்களைப் பிரித்துப் பழைய இடத்தில் வைத்தாகிவிட்டது. தைலம் நீ சொன்ன தட்டில்தான் இருந்தது. அம்மாவுக்குத் தேய்த்துவிடுகிறேன்.

சீனிவாசகம்


விருதுநகர்,
8-10-1969

அன்புள்ள அத்தானுக்கு,

ரிக்கார்டு வந்தது. கருப்பணன் அதைப் பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு, வண்டி ஓட்ட வேறு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மாரிசாமி கடை வெயிலில் ஓரம் லேசாக நெளிந்திருக்கிறது. முதல் பாட்டில் முள் ஏறி இறங்குகிறது. மற்றதெல்லாம் கேட்கலாம். கடைசி வரை கேட்டேன். "நோ" அப்படியே இருக்கிறது. கல்யாணத்தன்று உங்கள் சிநேகிதர்கள் வாசித்த வாழ்த்து மடலில் என் முகம் சந்திரன் என்று போட்டிருந்தது. நீங்கள் சந்திரனைக் கொண்டுவந்து அதன் மேலேயே ஒட்டிவிட்டீர்கள். சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

ஆனால் போன லாரியை நான் மறக்கவில்லை. மனசில் இன்னும் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் நானும் கேட்காமலே கேட்டதாக எழுதியவள் ஆவேன்.

அப்பா உங்கள் கடிதத்தைக் கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்துவிட்டு, "பொறவென்ன, கெளம்ப வேண்டியதுதானே?" என்றார்கள். "நோ" என்றேன், இங்கிலீஷிலேயே. சுவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்கள். பிறகு, "இருந்துட்டுப் போ" என்று சொல்லிவிட்டுக் கிட்டங்கிக்குப் போய்விட்டார்கள்.

உங்கள் கடிதத்தில் "வா" என்ற வார்த்தையைத் தேடினேன். இல்லை. நீங்கள் கேட்காததால் நானே சொல்கிறேன். வருவேன். தீபாவளிக்கு வர மாட்டேன். வெடித்த காகிதம் தெருவில் கிடக்கும்போது அதில் கால் வைத்து நடக்க என்னால் ஆகாது. ஐப்பசி மழை பெய்து தெருவெல்லாம் கழுவிப் போகட்டும். அப்புறம் எப்போது என்று எனக்குத் தோன்றும்போது எழுதுகிறேன். அதுவரை வேன் அனுப்ப வேண்டாம், ஆள் அனுப்ப வேண்டாம். முதல் பாட்டில் அந்த நாலு பேரும் நிற்கிறார்கள் அல்லவா, அப்படி நீங்களும் உங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு இருங்கள்.

ஹாலில் ரேடியோகிராம் நின்ற இடத்தில் நாலு கால் தடம் இருப்பதாக முதல் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தில் வேறு எதையும் வைத்துவிட வேண்டாம்.

காந்தம்